சுங்கை சிப்புட்டில் ஒரு சுவர், இரண்டு சாப்பாட்டுக் கடைகள்

அவசரத்தில் இருப்பவர்கள் இந்த ஒரு பத்தியை மட்டும் படித்துவிட்டுப் போகலாம். காலையில் தோசைக்கு இடது பக்கக் கடை. மத்தியானம் இலைச் சாப்பாட்டுக்கும் ஆட்டிறைச்சிப் பிரட்டலுக்கும் வலது பக்கக் கடை. மாற்றிப் போனீர்கள் என்றால் காசும் போச்சு, வயிறும் போச்சு, அப்புறம் என்னிடம் வந்து சண்டை போடக் கூடாது.

இரண்டு கடைக்கும் பெயர்ப்பலகை இருக்கிறது. ஊரில் யாரும் அந்தப் பெயர்களைச் சொல்வதில்லை, நானும் இங்கே எழுதவில்லை, ஏனென்றால் இரண்டுமே எனக்குத் தெரிந்த குடும்பம், ஒருவர் பெயரை முதலில் எழுதினால் மற்றவர் அடுத்த முறை என் இலையில் எலும்பாகப் பார்த்து வைப்பார். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் பழைய சாலையில் வந்து சுங்கை சிப்புட் டவுனுக்குள் நுழைந்து யாரைக் கேட்டாலும் சரி, "அந்தச் சுவர்க் கடை" என்றால் போதும், கையைக் காட்டிவிடுவார்கள். சாலையில் நின்று பார்த்தால் இடது, வலது என்று சொல்கிறேன். உள்ளே நின்று பார்த்தால் எல்லாம் மாறிவிடும்.

முதலில் தோசை. மாவு சரியாகப் புளித்து, கல்லில் ஊற்றும்போது ஓரம் மெல்லிசாக விரிந்து, நடுவில் கொஞ்சம் பஞ்சு மாதிரி நிற்கும், அந்த மாதிரித் தோசை. வெங்காயத்தைப் பாதியாக வெட்டி அதை எண்ணெயில் தொட்டுக் கல்லைத் துடைக்கிற பழைய வழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. நெய்த் தோசை, முட்டைத் தோசை, வெங்காயத் தோசை எல்லாம் உண்டு, ஆனால் சாதாத் தோசைதான் கேட்க வேண்டும், 2 வெள்ளி, அதாவது ரிங்கிட். தேங்காய்ச் சட்னி, காரச் சட்னி, பருப்பு நிறையப் போட்ட சாம்பார். இடது பக்கத்து அங்கிளுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, இன்னும் காலை ஐந்தரைக்கே கல்லை மூட்டி, அவரே நின்று ஊற்றுகிறார். உதவிக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு பையன் இருக்கிறான். அவன் ஊற்றினால் வட்டம் அழகாக வரும், ருசி வராது. ஆகவே அங்கிள் நிற்கிற நேரமாகப் பார்த்துப் போங்கள், ஒன்பது மணிக்குள்.

அதே கடையில் மத்தியானம் ஆட்டிறைச்சியும் போடுகிறார். வேண்டாம். குழம்பு தண்ணீராக ஓடும், மசாலா ஒரு பக்கமும் கறி ஒரு பக்கமும் நிற்கும், உருளைக்கிழங்கு மட்டும் நன்றாக இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் போனால் இதற்கு நேர் எதிர். தோசை சப்பாத்துத் தோல் மாதிரி வரும், கிழித்தால் கிழியாது, ஆனால் ஆட்டிறைச்சிப் பிரட்டல், ஐயோ. விறகு அடுப்பில் காலையிலிருந்து சுண்டிச் சுண்டி, மிளகும் சோம்பும் பட்டையும் கறியோடு ஒட்டிக் கறுத்து, எண்ணெய் மேலே பிரிந்து நிற்கிற பிரட்டல். ஒரு தட்டு 12 வெள்ளி, கொஞ்சம் விலைதான். உள்ளூர் ஆடு கிடைக்கிற அன்றைக்கு உள்ளூர் ஆடு, கிடைக்காவிட்டால் ஆஸ்திரேலிய ஆடு, கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுவார். இலைச் சாப்பாடு காய்கறியோடு 9 வெள்ளி, ரசமும் மோரும் சேர்த்து.

சரி, ஒருவருக்குத் தோசை நன்றாக வருகிறது, ஒருவருக்குக் கறி நன்றாக வருகிறது, ஒருவர் செய்வது மற்றவருக்குச் சுத்தமாக வரவில்லை, ஏன் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஏனென்றால் இது முதலில் ஒரே கடை. எண்பதுகளின் தொடக்கத்தில் இரண்டு பேரும் சேர்ந்து போட்ட கடை, ஒருவர் காலைக்கும் மற்றவர் மத்தியானத்துக்கும் என்று பிரித்துக்கொண்டு. ஒரே தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்தவர்கள், வலது பக்கத்து அங்கிளின் தங்கையைத்தான் இடது பக்கத்து அங்கிள் கட்டியிருக்கிறார், ஆகவே மச்சான்மார். 1988-ல் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு வந்தது, பிறகு அது செங்கல் சுவரானது, பிறகு அந்தச் சுவருக்கு இரண்டு பக்கமும் வேறு வேறு நிறத்தில் டைல்ஸ் ஒட்டினார்கள். பங்குச் சண்டை இல்லை, சொத்துச் சண்டை இல்லை. கட்சித் தலைவர்கள் சாமிவேலுவும் பண்டிதனும் பிரிந்தார்கள், இவர்களும் பிரிந்தார்கள்.

இதை இந்தத் தலைமுறைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிக்கிறார்கள். அரசியல்வாதி யாரோ யாரோடோ சண்டை போட்டால் உங்களுக்கு என்ன என்கிறார்கள். ஆனால் சுங்கை சிப்புட் அப்படிப்பட்ட ஊர் இல்லை, இங்கே ம.இ.கா., அதாவது மலேசிய இந்தியர் காங்கிரஸ், என்பது கட்சி மட்டும் அல்ல. துன் சம்பந்தன் காலத்திலிருந்து, அவர் இந்த ஊர் நாடாளுமன்ற உறுப்பினராகவும் கட்சித் தலைவராகவும் இருந்த காலத்திலிருந்து, பள்ளிக்கூடம் வேண்டுமா, தோட்டத்தை வாங்க வேண்டுமா, குடியுரிமைப் பத்திரம் சிக்கலா, எல்லாம் கட்சி வழியாகத்தான். தோட்டங்களைத் துண்டு துண்டாக வெட்டி விற்ற நாளில் தொழிலாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்க 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். அவரையே 1973-ல் தலைவர் பதவியிலிருந்து இறங்க வைத்து மாணிக்கவாசகம் வந்தார். ஆகவே தலைவர்கள் முட்டிக்கொள்வது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. 1974-ல் சாமிவேலு இங்கே நின்று ஜெயித்தார், 1979-ல் கட்சித் தலைவரானார், அப்புறம் 2008 வரைக்கும் இந்தத் தொகுதி அவருடையது. 34 வருஷம். நான் பிறந்தபோது அவர்தான் எம்.பி., என் பிள்ளை பிறந்தபோதும் அவர்தான் எம்.பி.

எம்.ஜி. பண்டிதன் அதே கட்சியின் உதவித் தலைவர், ஒரு காலத்தில் சாமிவேலுவோடு ஒரே மேடையில் இருந்தவர். தோட்டத்து ஆட்களிடம் அவருக்கு ஒரு தனி மவுசு. ஓரம் கட்டப்பட்டவர்கள் எங்கள் ஆள் என்று அவரைச் சொன்னார்கள். இரண்டு பேருக்கும் வந்த சண்டை கட்சிக்குள் அடங்கவில்லை, தெருவுக்கு வந்துவிட்டது. சாதியை முதலில் இழுத்தது யார் என்று இன்றைக்கும் இந்தக் கடையில் இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்று பதில் வரும், நான் அதற்குள் போகவில்லை. 1988-ல் பண்டிதனைக் கட்சியிலிருந்து நீக்கினார்கள். 1990-ல் அவர் ஐ.பி.எஃப்., அதாவது இந்திய முற்போக்கு முன்னணி, என்ற கட்சியைத் தொடங்கினார், அப்போதைய பிரதமர் மகாதீரோடு முட்டிக்கொண்டு ஆளும் அம்னோ கட்சியிலிருந்து வெளியேறிய தெங்கு ரசாலியின் கூட்டணியோடு சேர்ந்தார்.

நம் கடை அப்போது கிளைக் கூட்டம் நடக்கிற இடம். பின்பக்க மேசையில் உறுப்பினர் பாரம், சந்தா ரசீதுப் புத்தகம், பேராளர் மாநாட்டுக்குப் போகிற பஸ்ஸுக்குப் பெயர் எழுதுகிற நோட்டு, எல்லாம் தோசைக்கல்லுக்குப் பக்கத்திலேயே. இடது பக்கத்து அங்கிள் பண்டிதனோடு போனார். வலது பக்கத்து அங்கிள் தலைவரோடு நின்றார். யார் என்ன சொன்னார்கள், எந்த வார்த்தையில் முறிந்தது என்று எனக்குச் சரியாகத் தெரியாது, என் அப்பா அன்று அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர், அவரிடம் கேட்டால் "நான் பாதியிலேயே எழுந்து வந்துட்டேன்" என்பார், முப்பது வருஷமாக அதே பதில். எனக்குத் தெரிந்தது எல்லாம், மறுவாரம் பலகை வந்தது. தோசைக்காரர் கறி செய்யக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று, கறிக்காரர் தோசை சுடக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. 35 வருஷத்துக்கு மேல் ஆகிறது, இரண்டு பேரும் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

இதில் எனக்குத் தாங்க முடியாத இடம் ஒன்று இருக்கிறது. தொண்ணூறுகளின் நடுவிலேயே பண்டிதன், அம்னோவும் ம.இ.கா.வும் இருந்த ஆளும் கூட்டணியான தேசிய முன்னணியை ஆதரிக்கத் தொடங்கிவிட்டார். தெங்கு ரசாலியும் 1996-ல் தன் கட்சியைக் கலைத்துவிட்டு அம்னோவுக்கே திரும்பிப் போனார். ஐ.பி.எஃப். கட்சியைக் கூட்டணிக்குள் உறுப்பினராகச் சேர்க்க ம.இ.கா. கடைசிவரை விடவில்லை, அது வேறு கதை, ஆனால் தேர்தல் வந்தால் இருவரும் ஒரே சின்னத்துக்குத்தான் ஓட்டுக் கேட்டார்கள். நான் சின்னப் பையன், எனக்கு இது நன்றாக ஞாபகம் இருக்கிறது. தேர்தல் நேரத்தில் இடது கடை வாசலில் நீலத் தராசுக் கொடி, வலது கடை வாசலில் அதே நீலத் தராசுக் கொடி, ஒரே கயிற்றில் கட்டினது போல வரிசையாக. கீழே இரண்டு மச்சான்மாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரே கட்சிக்குத் துண்டுப் பிரசுரம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலே இருந்தவர்களுக்குள் பேச்சுவார்த்தை, கணக்கு, சமாதானம் எல்லாம் நடந்தது. சுவரைப் பற்றி யாரும் இவர்களிடம் வந்து எதுவும் சொல்லவில்லை.

ம.இ.கா. தொடங்கிய மைக்கா முதலீட்டு நிறுவனத்திலும் இதே கதைதான். 1984-ல் கட்சி சொன்னதைக் கேட்டு இருவரும் நகையை அடகு வைத்து மைக்கா பங்கு வாங்கினவர்கள், அப்போது மச்சான்மாருக்குள் சண்டை இல்லை, சேர்ந்தே போய் வாங்கினார்கள். 2010-ல் ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 காசு என்று திருப்பிக் கொடுத்தபோது தனித்தனியாகப் போய் வாங்கிக்கொண்டு வந்தார்கள். அந்தப் பணத்தில்தான் இடது பக்கக் கடைக்குப் புது மின்விசிறி வந்தது என்று சொல்வார்கள். விசிறி நல்ல விசிறி, அதற்கு நேர் கீழே உட்காருங்கள்.

சரி, கடைக்கு வருவோம். போன முறை நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்களும் இதைத்தான் செய்யப் பார்ப்பீர்கள். ஷா ஆலமிலிருந்து காலையிலேயே கிளம்பி வந்து, பத்தரை மணிக்குத்தான் டவுனுக்குள் நுழைந்தேன், தோசை முடிகிற நேரம், பிரட்டல் இறங்குகிற நேரம். நல்ல தோசையையும் நல்ல பிரட்டலையும் ஒரே தட்டில் சாப்பிட்டால் எப்படி இருக்கும் என்ற ஆசை எனக்குப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து உண்டு. இடது கடையில் நான்கு தோசை பொங்குஸ், அதாவது பொட்டலம், கட்டி வாங்கி, பையைச் சட்டைக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு வலது கடைக்குள் நுழைந்து மூலையில் உட்கார்ந்து ஒரு தட்டு பிரட்டல் மட்டும் கேட்டேன். வங்காளதேசத்துப் பையன் ஒருவன் அங்கே மேசை துடைக்கிறான், ஒன்றரை வருஷத்தில் நன்றாகத் தமிழ் பேசுகிறான். அவன் பையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், குரலைத் தாழ்த்தி, "அண்ணே, இது அந்தப் பக்கத்துப் பொட்டலம்தானே? வேணாம் அண்ணே, தவுக்கே பாத்தா என்னையும் ஏசும்" என்றான். தவுக்கே என்றால் முதலாளி. வந்த முதல் வாரத்திலேயே அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் போல, மெனு தெரியும் முன்னாலேயே சண்டை தெரிந்துவிட்டது.

அதற்குள் அங்கிளே வந்துவிட்டார். கோபப்படவில்லை. பையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார், இன்னும் சூடாக இருந்தது. "தோசை இங்கயும் இருக்குல்ல தம்பி" என்றார். நான் என்ன சொல்ல முடியும்? உங்கள் தோசை சப்பாத்துத் தோல் என்றா? "இல்லை அங்கிள், பிள்ளைங்களுக்கு வாங்கினேன்" என்று பொய் சொன்னேன். "அப்ப பிரட்டலையும் பிள்ளைங்களுக்குக் கட்டித் தரேன், வீட்ல போய் ஒண்ணா சாப்பிடட்டும்" என்று சொல்லி அவரே கட்டிக் கொடுத்தார், பணம் வாங்கிக்கொண்டார், தேநீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. எதிர்ப்பக்கம் மரத்தடியில் காரை நிறுத்தி, ஏர்கோனைப் போட்டு, மடியில் காகிதத்தை விரித்து அந்த இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டேன். 1988-க்கு முன்னால் இந்த ஊர்க்காரர்கள் தினமும் இதைத்தான் சாப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்தபோது எனக்கு உண்மையாகவே வயிறு எரிந்தது, பிரட்டல் காரம் வேறு.

ஒரு விஷயம் கவனித்தேன், இதை எழுதலாமா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன். இரண்டு கடையிலும் தேங்காய்ச் சட்னி ஒன்றேதான். ஒன்று போல இல்லை, ஒன்றேதான். அதே அளவு இஞ்சி, அதே மாதிரித் தாளித்த கடுகு, உரலில் அரைத்ததுபோல் அதே கொரகொரப்பு. தோசை மட்டும் வேறு, சட்னி எப்படி ஒன்றாக இருக்கும்? வலது பக்கத்து அங்கிளிடம் கேட்டால் "என் கைப்பக்குவம்" என்பார். இரண்டு கடைக்கும் பின்னால் ஒரு பொதுச் சந்து இருக்கிறது. ஆன்ட்டி, அதாவது இடது பக்கத்து அங்கிளின் மனைவி, வலது பக்கத்து அங்கிளின் தங்கை, காலை ஐந்து மணிக்கு அந்தச் சந்தில் ஒரு மூடி போட்ட வாளியோடு நடப்பதைப் பார்த்தவர்கள் ஊரில் குறைந்தது ஐம்பது பேர் இருப்பார்கள். இரண்டு அங்கிளுக்கும் தெரியாமல் இருக்க வழியே இல்லை. ஆனால் அது கட்சி விவகாரம் இல்லை பாருங்கள், அதனால் யாரும் கேட்பதில்லை.

சுவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் படம் பிடிக்கத்தான் வருகிறார்கள். வலது கடையில் சாமிவேலு மாலை போட்ட பெரிய படம், 2022 செப்டம்பரில் அவர் காலமானதிலிருந்து அதற்குத் தினமும் பூ. இடது கடையில் பண்டிதன் படம், அதற்கும் பூ. 2008 மார்ச் 8, சாமிவேலுவின் 72-வது பிறந்த நாளும் அதுதான், அன்றைக்குத்தான் எதிர்க்கட்சி வேட்பாளர் டாக்டர் ஜெயகுமாரிடம் 1,821 ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். ஜெயகுமார் மூன்றாவது முறை நின்றபோதுதான் ஜெயித்தார். அன்று இரவு இடது கடைக்காரர் பட்டாசு கொளுத்துவார் என்று எல்லோரும் எதிர்பார்த்துச் சாலையில் நின்றார்கள், அவர் கடையைச் சாத்திவிட்டுச் சீக்கிரமே தூங்கப் போய்விட்டார். வலது கடை மூன்று நாள் பூட்டிக் கிடந்தது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 30-ல் பண்டிதன் இறந்துபோனார். இடது கடை மூன்று நாள் பூட்டு. அந்த மூன்று நாளும் வலது கடை ஷட்டர் பாதிதான் திறந்திருந்தது, உள்ளே குனிந்துதான் போக வேண்டும். மரியாதை என்று சிலர் சொல்கிறார்கள். ஷட்டர் ரிப்பேர் என்று என் அப்பா சொல்கிறார்.

இடது கடையில் தொலைக்காட்சி எப்போதும் ஓடும், அதுதான் அந்தக் கடையின் குறையும் கூட, சத்தம் தாங்காது. தோட்டத்தில் குமாஸ்தாவாக இருந்த பழைய கிராணி ஐயா ஒருவர் தினமும் முதல் மேசையில் உட்கார்ந்து செய்திக்குப் பொழிப்புரை சொல்வார், தேதி எல்லாம் விரல் நுனியில். அன்றைக்கு மகாதீர், அன்வார் பேச்சு வந்தது. "1998 செப்டம்பர் 2-ந் தேதி மகாதீரு, துணைப் பிரதமரா இருந்த அன்வாரைத் தூக்கினாரு. அதே செப்டம்பர் 2-ந் தேதி, 2004-ல கோர்ட்டு விடுதலை பண்ணுச்சு. கவனிச்சியா தம்பி, அதே தேதி" என்று ஆரம்பித்தார். சிறை, கறுத்துப்போன கண், மறுபடி வழக்கு, மறுபடி சிறை. பிறகு 2016-ல் அப்போதைய பிரதமர் நஜிப்பை எதிர்க்க வேண்டும் என்றதும் 18 வருஷப் பகை முடிந்து நீதிமன்றத்தில் கை குலுக்கினார்கள். 2018-ல் சேர்ந்து ஜெயித்தார்கள், 92 வயதில் மகாதீர் மறுபடி பிரதமர், சிறையிலிருந்த அன்வாருக்கு மன்னிப்பு. இரண்டு வருஷத்தில் நாற்காலியை ஒப்படைக்கிற பேச்சு வந்தது, 2020 பிப்ரவரியில் ஆட்சியே கவிழ்ந்தது. 2022-ல் அன்வார் பிரதமரானார், அதே தேர்தலில் லங்காவியில் மகாதீருக்கு வைப்புத் தொகை போனது. மறு வருஷம் மகாதீர் அன்வார் மீது அவதூறு வழக்குப் போட்டார், கேட்ட நஷ்டஈடு 15 கோடி வெள்ளி.

"பதினஞ்சு கோடிக்கு நம்ம கடையில எத்தனை தோசை வரும்?" என்று யாரோ கேட்டார்கள். தோசை இரண்டு வெள்ளி, ஏழரைக் கோடி தோசை. நாட்டில் உள்ள எல்லோருக்கும் ஆளுக்கு இரண்டு கொடுத்தாலும் மிச்சம் இருக்கும் என்று கணக்குப் போட்டுச் சிரித்தார்கள். அங்கிள் மட்டும் சிரிக்கவில்லை, கல்லைத் துடைத்துக்கொண்டே, "பதினெட்டு வருஷத்துல கை குடுத்துட்டாங்களா?" என்று கேட்டார். கிராணி ஐயா ஆமாம் என்றார். "பெரிய ஆளுங்க, அவங்களுக்கு வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த தோசையை ஊற்றினார்.

எனக்கு மகாதீர், அன்வார் இரண்டு பேர் மேலேயும் பெரிய கருத்து இல்லை, இருந்தாலும் ஒன்று தெரிகிறது, அவர்கள் சண்டையையும் சமாதானத்தையும் தேவைக்குத் தகுந்த மாதிரி மாற்றிப் போட்டுக்கொள்கிறார்கள், தோளில் துண்டு மாற்றுவது போல. கொடி பிடித்தவனுக்கு அந்த வசதி இல்லை. அவன் சண்டை போட்டது வீட்டுக்குள். சாமிவேலு கட்சித் தலைமை அலுவலகத்தில் ஒருவரை நீக்கிவிட்டு மறுநாள் அமைச்சரவைக்குப் போய்விடலாம், இந்த அங்கிள் மச்சானை நீக்கிவிட்டு மறுநாள் அதே பின்சந்தில்தான் மாவு வாளி கழுவ வேண்டும்.

மற்ற விஷயங்கள் சுருக்கமாக. தே தாரிக், அதாவது இழுத்து ஆற்றிய பால் தேநீர், இரண்டு கடையிலும் சுமார்தான், சர்க்கரை அதிகம், "குராங் மானிஸ்", இனிப்பைக் குறை, என்று சொன்னாலும் அதே சர்க்கரைதான் வரும். தே ஓ லிமாவ், பாலில்லாத எலுமிச்சைத் தேநீர், பரவாயில்லை. கழிவறை வலது பக்கம் சுத்தம், இடது பக்கம் வேண்டாம், அவசரம் என்றால் பெட்ரோல் நிலையத்துக்குப் போங்கள். வண்டி நிறுத்த ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் சிரமம், கோவில் விசேஷ நாளில் ரொம்பவே சிரமம். இடது கடையில் கேட்டது வர நேரமாகும், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார், காது கேட்கவில்லையா, கேட்க விருப்பமில்லையா என்று தெரியாது. வலது கடையில் சட்டென்று வரும், ஆனால் சாப்பிட்டு முடிக்கும் முன்பே இலையை எடுக்கப் பார்ப்பார்கள், கையால் தடுத்து வையுங்கள். நண்டு வெள்ளிக்கிழமை மட்டும். கருவாட்டுக் குழம்பு என்று கரும்பலகையில் எழுதியிருக்கும், நான் போன ஐந்து தடவையும் "முடிஞ்சது" என்றார்கள்.

சின்ன வயதில் இந்தக் கடைக்கு வந்தவர்கள் பலர் இப்போது ஈப்போவிலும் கிள்ளானிலும் இருக்கிறார்கள், ரப்பர் போய்ச் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, வந்து, செம்பனையும் வீடமைப்பாகி, லயம் இருந்த இடத்தில் தாமான் குடியிருப்பு நிற்கிறது. காலைக் கூட்டம் பாதி வங்காளதேசத்து, நேப்பாளத்துத் தொழிலாளிகள். அவர்களுக்குச் சாமிவேலுவும் தெரியாது பண்டிதனும் தெரியாது, தோசை எங்கே நல்லது, கறி எங்கே நல்லது என்று மட்டும் தெரியும், இரண்டு கடைக்கும் கூச்சமில்லாமல் மாறி மாறிப் போகிறார்கள். அவர்கள் மேல் இரண்டு அங்கிளுக்கும் கோபமும் இல்லை. நம் ஆட்கள் மாறிப் போனால்தான் முகம் மாறுகிறது.

பணம் கொடுக்கிற இடத்தில் இன்னொரு வேடிக்கை. ரொக்கம் எடுத்துப் போங்கள், கார்டு கிடையாது, கியூ ஆர் மட்டும் உண்டு. இடது கடையில் தோசைக்கு ஸ்கேன் செய்தேன், திரையில் ஆன்ட்டியின் பெயர் வந்தது, சரி, அவர் வீட்டுக்காரி, வரத்தானே செய்யும். சுவரைச் சுற்றி வலது கடைக்குப் போய்ப் பிரட்டலுக்கு ஸ்கேன் செய்தேன். அதே பெயர், அதே கணக்கு. தப்பாக அடித்துவிட்டேனோ என்று பையனிடம் காட்டினேன், அவன் தோளைக் குலுக்கிக்கொண்டு, "சரிதான் அண்ணே, எல்லாம் ஆன்ட்டி ஃபோன்லதான் அடிக்கும், சாயங்காலம் வந்து பிரிச்சுக் குடுப்பாங்க" என்றான்.

இடது கடை திங்கள் விடுமுறை, வலது கடை புதன் விடுமுறை. மழை நாளில் வலது கடை வாசலில் தண்ணீர் தேங்கும், சிலிப்பர் போட்டுப் போங்கள். பிரட்டல் மத்தியானம் ஒரு மணிக்கே முடிந்துவிடும், முன்கூட்டி ஃபோன் செய்து ஒதுக்கி வைக்கச் சொன்னால் வைப்பார்கள், ஆனால் தோசை வாங்கி வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.